கர்த்தருக்குக் காத்திருக்கறது எப்படி? கொஞ்சம் ப்ராக்டிகலா பேசலாம்

"காத்திருங்க, கர்த்தர் பாத்துப்பார்"னு சொல்றதுக்கு நம்ம சபைகள்ல ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. சரி எப்படி காத்திருக்கறதுன்னு திருப்பிக் கேட்டா மட்டும் ஏசாயா 40:31 சொல்லிட்டு கை குலுக்கிட்டு கிளம்பிடுவாங்க. கழுகு மாதிரி செட்டையடிச்சு எழும்பறதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, திங்கக்கிழமை காலைல பாயிலேருந்து எழும்பவே தெம்பு இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க? எக்ஸாம் எழுதி எழுதி ரிசல்ட்டுக்காக உக்காந்திருக்கறவங்க, வரன் அமையாம முப்பத்தஞ்சு தாண்டினவங்க, குழந்தைக்காக ஆஸ்பத்திரிக்கும் சர்ச்சுக்கும் மாறி மாறி நடக்கறவங்க, குடிக்கிற வீட்டுக்காரர் என்னைக்காவது திருந்துவார்னு வருஷக்கணக்கா முழங்கால் போட்டுட்டு இருக்கறவங்க, இவங்களுக்காகத்தான் இத எழுதறேன்.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். பைபிள்ல நல்லா காத்திருந்தவங்க யாரும் கைய கட்டிட்டு உக்காந்திருக்கல, வாயை மூடிட்டும் இருக்கல. கேட்டுக்கிட்டே இருந்தாங்க, அன்னன்னைக்கு உள்ள வேலையையும் பாத்துக்கிட்டே இருந்தாங்க. கீழ எழுதியிருக்கறது எல்லாம் இந்த ரெண்டையும் எப்படி பண்றதுங்கறதுதான்.

முதல்ல ஒரு நோட்டு எடுங்க

ஒரு பக்கத்துல நடுவுல கோடு போடுங்க. இடது பக்கம் நீங்க கேக்கறத எழுதுங்க, சுத்தி வளைக்காம. "மார்ச்சுக்குள்ள எனக்கு வேலை வேணும்", "அம்மாவுக்கு கட்டி கரையணும்", இப்படி. வலது பக்கம் தேவன் உண்மையிலேயே என்ன வாக்கு கொடுத்திருக்கார்னு எழுதுங்க. விட்டு விலக மாட்டேன்னார், கேளுங்கள்னார், பெலன் தருவேன்னார், திரும்பி வருவேன்னார். இப்ப ரெண்டு பக்கத்தையும் பாருங்க. மார்ச் மாசம் இடது பக்கத்துல மட்டும்தான் இருக்கும். இடது பக்கம் தப்புன்னு நான் சொல்லல, அத தாராளமா கேளுங்க, பிள்ளைங்க அப்பாகிட்ட கேக்கற மாதிரி கேளுங்க. ஆனா இடது பக்கத்த வலது பக்கத்துல ஏத்தி எழுதிட்டு ஏப்ரல்ல "கர்த்தர் வாக்கு மாறிட்டார்"னு உடைஞ்சு போறவங்க ரொம்ப பேரு. நம்ம ஊர்ல விசுவாசம் உடையற இடம் பெரும்பாலும் இதுதான்னு எனக்குத் தோணுது.

இதுக்கு நம்ம வாக்குத்தத்த அட்டை பழக்கமும் ஒரு காரணம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சு 12 மணிக்கு மேல வரிசைல நின்னு வசனம் அச்சடிச்ச ஒரு அட்டை எடுப்போம், இல்லன்னா போதகர் ஐயா வருஷ வசனம் சொல்வாரு, அத ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வாட்ஸ்அப் டிபில போட்டு வருஷம் முழுக்க சுமப்போம். நல்ல பழக்கம்தான், நானும் எடுப்பேன். ஒரே ஒரு ரூல் வச்சுக்கோங்க: எந்த வசனம் வந்தாலும் அன்னைக்கே அந்த அதிகாரம் முழுசையும் வாசிக்கணும்.

உதாரணத்துக்கு எல்லாருக்கும் பிடிச்ச எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". இது யாருக்கு எழுதினது தெரியுமா? கிமு 597ல நேபுகாத்நேச்சார் எருசலேம்லேருந்து ராஜாவையும் தச்சர் கொல்லர்னு கைத்தொழில்காரங்களையும் சேத்து பாபிலோனுக்கு தூக்கிட்டு போயிட்டான், அந்த ஜனங்களுக்கு எரேமியா எருசலேம்லேருந்து அனுப்பின கடுதாசில வர்ற வரி. அதுக்கு முந்தின வசனத்துலயே 70 வருஷம் ஆகும்னு இருக்கு. அதாவது அந்த கடுதாசிய வாசிக்கக் கேட்ட பெரியவங்கள்ல முக்கால்வாசி பேரு ஊர் திரும்பப் போறதே இல்ல, பாபிலோன் மண்ணுலதான் புதைக்கப்படுவாங்க. இதே சமயத்துல அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி ரெண்டே வருஷத்துல எல்லாரும் திரும்பிடுவாங்கன்னு அடிச்சு சொன்னான், எரேமியா கழுத்துல போட்டிருந்த நுகத்தையே பிடுங்கி உடைச்சான் (28ம் அதிகாரம் வாசிங்க, சினிமா மாதிரி இருக்கும்). யார் பேச்சு ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கும்னு நினைக்கறீங்க? இன்னைக்கும் ரெண்டு வருஷம்னு சொல்ற பிரசங்கியாருக்குத்தான் பந்தல் நிறையும்.

அந்த 70 வருஷம் என்ன பண்ணச் சொல்றார்ங்கறதுதான் முக்கியம். வீடு கட்டி குடியிருங்க, தோட்டம் போட்டு பழத்த சாப்பிடுங்க, பிள்ளைகளுக்கு கல்யாணம் பண்ணி வைங்க, இருக்கற பட்டணத்தோட சமாதானத்துக்கு ஜெபம் பண்ணுங்கன்னு 5லேருந்து 7 வரைக்கும் இருக்கு. அட்டையில இந்த பகுதி அச்சாகறதே இல்ல.

இருக்கற வேலைய நிறுத்தாதீங்க

மேல சொன்னதோட தொடர்ச்சிதான். "வேலை கிடைக்கட்டும் அப்புறம் பாத்துக்கலாம்", "கல்யாணம் ஆகட்டும் அப்புறம் வாழலாம்"னு எல்லாத்தையும் அப்படியே நிறுத்தி வைக்காதீங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே டிரைவிங் கத்துக்கோங்க, ஒரு நல்ல குக்கர் வாங்குங்க, சண்டே ஸ்கூல்ல க்ளாஸ் எடுங்க, டூர் போங்க. வேலைக்கு காத்திருக்கற தம்பி பக்கத்து வீட்டு பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கலாம், அப்ளிகேஷன் போடறத மட்டும் நிறுத்தவே கூடாது. யோசேப்ப 17 வயசுல வித்தாங்க, பார்வோன் முன்னாடி நிக்கும்போது 30. நடுவுல 13 வருஷம். போத்திபார் வீட்டுல இருந்தா அந்த வீட்டுக் கணக்கு, ஜெயில்ல இருந்தா ஜெயில் நிர்வாகம்னு எங்க போனாலும் அங்க இருக்கற வேலைய உருப்படியா பாத்தாரு, அதோட பானபாத்திரக்காரன்கிட்ட "என்ன மறக்காதீங்க, பார்வோன்கிட்ட சொல்லுங்க"ன்னு சிபாரிசும் கேட்டாரு. அவன் மறந்துட்டான், அது வேற கதை. ஆனா சிபாரிசு கேட்டது அவிசுவாசம்னு பைபிள் எங்கயும் சொல்லல.

டாக்டர்கிட்ட போறதும் அப்படித்தான். எசேக்கியா ராஜா சாகப்போறார்னு சொல்லி, அவர் அழுது ஜெபிச்சு, 15 வருஷம் கூட்டிக் கொடுக்கறேன்னு கர்த்தரே வாக்கு கொடுத்த பிறகும் ஏசாயா என்ன சொன்னார்? அத்திப்பழத்து அடைய கொண்டு வாங்கன்னார், பிளவை மேல பத்து போட்டாங்க, அவர் பிழைச்சார் (2 இராஜாக்கள் 20:7). வாக்கும் இருந்துச்சு, மருந்தும் இருந்துச்சு. அதனால சுகம் கிடைச்சிடுச்சுன்னு விசுவாசத்துல மாத்திரைய நிறுத்துங்கன்னு எந்த மேடைலேருந்து சொன்னாலும் கேக்காதீங்க. சுகர் இருக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க உபவாச ஜெபம்னு நாள் முழுக்க சாப்பிடாம இருக்கறதும் வேண்டாம், டாக்டர்கிட்ட கேட்டுட்டு அதுக்கு பதிலா ஃபோனயோ சீரியலயோ விட்டுட்டு ஜெபிங்க. உபவாசம் இருந்தா சீக்கிரம் கிடைக்கும்னு பேரம் பேசறதுக்கு அது கடை இல்ல.

சரி, முயற்சிக்கும் குறுக்கு வழிக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கறது? இது நிஜமாவே கஷ்டமான கேள்வி. ஆபிரகாம் ஆரான விட்டு கிளம்பும்போது 75, இஸ்மவேல் பிறக்கும்போது 86, ஈசாக்கு பிறக்கும்போது 100. நடுவுல மனைவி சாராள் பொறுக்க முடியாம, பிள்ளை பெத்துத் தரட்டும்னு ஆகார ஆபிரகாம்கிட்ட அனுப்பினாங்க, அந்தக் காலத்து வழக்கப்படி அது ஒண்ணும் அசிங்கம் இல்ல. ஆனா விலை கொடுத்தது யாரு? ஆகார். வீட்டுல வாய் திறக்க முடியாத அடிமைப் பொண்ணு, கடைசில பிள்ளையோட வனாந்தரத்துல தண்ணி இல்லாம நின்னா. அதனால நான் பாக்கறது ரெண்டு விஷயம், நான் எடுக்கற இந்த வழியில என் அவசரத்துக்கு வேற யாராவது விலை கொடுக்கறாங்களா, இத சாதிக்க நான் பொய் சொல்ல வேண்டி வருதா. ஏஜெண்ட்டுக்கு லட்சக்கணக்குல கொடுத்து கவர்மெண்ட் வேலை வாங்கறது, வியாதிய மறைச்சு சம்பந்தம் பேசறது, வட்டிக்கு வாங்கி வரதட்சணை கொடுக்கறது எல்லாம் இதுல மாட்டிக்கும். பத்து இடத்துல ரெஸ்யூம் போடறது மாட்டாது. சவுல் ராஜா கதையும் இதேதான், தீர்க்கதரிசி சாமுவேல் வர்றேன்னு சொன்ன ஏழு நாள் காத்திருந்தான், ஜனங்க கலைஞ்சு போறாங்கன்னு பயந்து தானே பலி செலுத்தினான், முடிச்ச அந்த நிமிஷமே சாமுவேல் வந்து நிக்கறாரு.

புலம்புங்க, ஆனா அவர்கிட்ட புலம்புங்க

நம்மள்ல நிறைய பேருக்கு ஜெபம்னா "ஸ்தோத்திரம்"ல ஆரம்பிச்சு "ஆமென்"ல முடியற ஒரு நல்ல பிள்ளை பேச்சு. உள்ள எரியும்போதும் வெளிய ஸ்தோத்திரம். சங்கீதங்கள எழுதினவங்க அப்படி இல்ல, 150ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு புலம்பல்தான். 13ம் சங்கீதம் ஆறே வசனம், ஆரம்பத்துலயே நாலு தடவை "எதுவரைக்கும்"னு கேக்கறாரு தாவீது. என்னை மறந்துட்டீரான்னு நேராவே கேக்கறாரு.

இத வச்சே நீங்க சொந்தமா ஒண்ணு எழுதலாம். முதல்ல அவரைக் கூப்பிடுங்க, வெறும் "கர்த்தாவே" போதும். அப்புறம் உங்க "எதுவரைக்கும்" எல்லாத்தையும் எழுதுங்க, எதுவரைக்கும் எங்க மாமியார்கிட்ட பதில் சொல்லுவேன், எதுவரைக்கும் மாசாமாசம் டெஸ்ட் எடுத்து அழுவேன், எதுவும் தணிக்கை பண்ண வேண்டாம், யாரும் வாசிக்கப் போறதில்ல. அடுத்து என்ன வேணும்னு ஒரே வரியில கேளுங்க. கடைசில, முடிஞ்சா மட்டும், இதுக்கு முன்னாடி அவர் உங்களுக்கு செஞ்ச ஒரு விஷயத்த எழுதுங்க. தாவீது "எனக்கு நன்மைசெய்தபடியால்"னு முடிக்கறாரு. உங்களால அன்னைக்கு அந்த வரி எழுத முடியலன்னா விட்டுடுங்க. 88ம் சங்கீதத்துல அந்த வரி கிடையாது, இருட்டுலயே ஆரம்பிச்சு இருட்டுலயே முடியுது, அதையும் பைபிள்ல வச்சிருக்காங்க. ரொம்ப மோசமான நாளுக்கு அந்த சங்கீதம் இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க.

பிள்ளை இல்லாம தவிச்ச அன்னாளப் பாருங்க. சீலோவுல ஆலயத்துல அவ அழுது உதட்ட மட்டும் அசைச்சு ஜெபிச்சத பாத்து ஆசாரியன் ஏலி குடிச்சிருக்கான்னு நினைச்சிட்டாரு. ஊழியக்காரங்களே நம்மள தப்பா புரிஞ்சுக்கறது இன்னைக்கு நேத்து ஆரம்பிச்சதில்ல. அவ அதுக்கு மரியாதையா, ஆனா தெளிவா பதில் சொன்னா: நான் குடிக்கல, மனசக் கொட்டிட்டு இருக்கேன். எனக்கு அந்தக் கதைல ரொம்ப பிடிச்ச இடம் அதுக்கு அடுத்தது, 1 சாமுவேல் 1:18. அவ போய் சாப்பிட்டா, அப்புறம் அவ முகம் துக்கமா இல்லன்னு இருக்கு. பிள்ளை இன்னும் வரல. கர்ப்பம் கூட ஆகல. கொட்டித் தீத்தவ பசிச்சு சாப்பிட்டிருக்கா, அவ்ளோதான் அன்னைக்கு நடந்தது, அன்னைக்கு அது போதுமா இருந்திருக்கு.

மார்த்தாளும் மரியாளும் கூட, லாசரு செத்து நாலு நாள் கழிச்சு இயேசு வந்தப்ப ரெண்டு பேரும் தனித்தனியா ஒரே வார்த்தைய சொல்றாங்க, "நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்". வீட்டுல நாலு நாளா இதத்தான் பேசிட்டு இருந்திருப்பாங்க போல. வியாதின்னு கேள்விப்பட்டும் ரெண்டு நாள் அங்கயே தங்கிட்டு வந்தவர்கிட்ட இத சொல்றாங்க. அவர் கோபப்படல. அழுதாரு.

ஜெபம் நீளமா இருக்கணும்னு இல்ல

காத்திருக்கறது வருஷக்கணக்குல போகும்போது தினம் ஒரு மணி நேரம்னு ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல விட்டுட்டு அதுக்கு வேற குற்ற உணர்ச்சி சுமக்கறதுக்கு, தினம் பத்து நிமிஷம் ஒரே நேரத்துல ஒரே இடத்துல உக்காருறது மேல். காபி போட்ட உடனே, இல்ல பஸ்ல ஜன்னல் சீட்ல. ஒரு சங்கீதம், உங்க நோட்டுல இடது பக்கம் இருக்கற அந்த ஒரு வரி, பரமண்டல ஜெபம், முடிஞ்சது. வார்த்தை வரலன்னா சங்கீதம் 130:6 மட்டும் சொல்லுங்க, ஜாமக்காரன் விடியலுக்கு காத்திருக்கறதவிட அதிகமா என் ஆத்துமா காத்திருக்குன்னு வருமே, அது. ஜாமக்காரன் விடியல கொண்டு வர்றதில்ல, முழிச்சிருக்கறது மட்டும்தான் அவன் வேலை.

அதே விஷயத்த திரும்பத் திரும்ப கேக்கறது அவிசுவாசமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. லூக்கா 18ல அநியாயக்கார நியாயாதிபதிய விடாம நச்சரிச்ச விதவையத்தான் இயேசு உதாரணமா காட்டறாரு. கேளுங்க.

மோனிக்கா கதை, இத கொஞ்சம் விரிவா சொல்லணும்

பிள்ளைக்காகவோ புருஷனுக்காகவோ ஜெபிச்சு களைச்சவங்களுக்கு. நாலாம் நூற்றாண்டுல இன்னைக்கு அல்ஜீரியான்னு சொல்ற பக்கம் தகாஸ்தேங்கற ஊர்ல இருந்த அம்மா. மகன் அகுஸ்தீன் படு புத்திசாலி, ஆனா மனிக்கேயர்னு ஒரு கூட்டத்துல சேந்துட்டான், கல்யாணம் பண்ணாம ஒரு பொண்ணோட குடும்பம் நடத்தி பிள்ளையும் பெத்துட்டான். அம்மா ஒரு ஆயர்கிட்ட போய் "நீங்க பேசி புத்தி சொல்லுங்க"ன்னு கெஞ்சறாங்க. அவர் மாட்டேன்னுட்டாரு, இப்ப சொன்னா அவன் கேக்கற நிலமைல இல்ல, விடுங்க, வாசிச்சு வாசிச்சு தானே தெரிஞ்சுக்குவான், நீங்க ஜெபம் மட்டும் பண்ணுங்கன்னாரு. அம்மா விடாம அழுததும் கொஞ்சம் எரிச்சலாவே, "போங்கம்மா, இவ்வளவு கண்ணீருக்குப் பிறந்த பிள்ளை கெட்டுப்போகாது"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு.

இதுல எல்லாருக்கும் இந்த வரிதான் ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் நடந்தது இன்னும் பெருசு. 383ல அகுஸ்தீன் கார்த்தேஜ்லேருந்து ரோமுக்கு கப்பல் ஏற முடிவு பண்றான். அம்மா துறைமுகம் வரைக்கும் வந்து பிடிச்சிக்கறாங்க, போகாத, இல்லன்னா என்னையும் கூட்டிட்டு போன்னு. நண்பன் ஒருத்தன வழியனுப்பத்தான் வந்தேன்னு பொய் சொல்லிட்டு, அம்மா பக்கத்துல இருந்த சிப்ரியான் ஆலயத்துல ராத்திரி முழுக்க அழுது ஜெபிச்சிட்டு இருக்கும்போதே கப்பல் ஏறிட்டான். விடிஞ்சு பாத்தா கடல்ல ஒண்ணும் இல்ல. அவன் போகக்கூடாதுன்னு ஜெபிச்சாங்க, அந்த ஜெபம் கேக்கப்படல. ஆனா ரோமுக்குப் போனவன் அங்கேருந்து மிலானுக்குப் போனான், மிலான்ல அம்புரோஸ் ஆயர் பிரசங்கத்த கேட்டான், 386ல மனம் திரும்பினான், 387 ஈஸ்டருக்கு அவர் கையாலயே ஞானஸ்நானம் எடுத்தான். அன்னைக்கு அம்மா கேட்டத கொடுக்காம, எப்பவும் அம்மா கேட்டுட்டு இருந்ததக் கர்த்தர் கொடுத்தார்ங்கற மாதிரி அகுஸ்தீனே பின்னாடி எழுதறாரு. மோனிக்கா அதே 387லயே ஊர் திரும்பற வழியில ஒஸ்தியா துறைமுகத்துல காய்ச்சல்ல இறந்துட்டாங்க.

இதுலேருந்து எடுத்துக்க வேண்டியது இதான்: மகன் எந்த வழியா திரும்பி வரணும்ங்கற ரூட்டையும் சேத்து ஜெபிக்காதீங்க. ஹாஸ்டலுக்குப் போகக்கூடாது, வெளிநாடு போகக்கூடாது, அந்த ஃப்ரெண்ட விடணும்னு லிஸ்ட் போட்டு ஜெபிச்சா ஒவ்வொரு லைனும் நடக்காதப்ப ஒவ்வொரு தடவையும் சாவீங்க. அதோட அந்த ஆயர் சொன்னதையும் கேளுங்க, எந்நேரமும் அட்வைஸ் பண்ணாதீங்க.

சுத்தி இருக்கறவங்கள சமாளிக்கறது

கல்யாண வீட்டுல "என்ன விசேஷம் ஒண்ணும் இல்லயா"ன்னு கேக்கற அத்தைக்கு பதில் முன்னாடியே தயார் பண்ணி வச்சுக்கோங்க, அந்த நேரத்துல யோசிச்சா அழுகைதான் வரும். "ஜெபத்துல வச்சுக்கோங்க அத்தை, சாப்டீங்களா?" போதும். உங்க முழு மெடிக்கல் ரிப்போர்ட்டயும் சொல்லணும்னு யாருக்கும் கடன் பட்டிருக்கல.

சபைல குழந்தைய பிரதிஷ்டை பண்ற ஞாயிறு, தோழியோட வளைகாப்பு, இதுக்கெல்லாம் எல்லாத்துக்கும் போயே ஆகணும்னு இல்ல. ரொம்ப நெருக்கமானவங்களுக்குப் போங்க, மத்தவங்களுக்கு ஒரு பரிசு கொடுத்து விடுங்க. அது பொறாமைன்னு யாராவது சொன்னா சொல்லிட்டு போறாங்க. உங்களுக்குன்னு ரெண்டே பேர் வச்சுக்கோங்க, எதையும் அலங்காரம் பண்ணாம பேசறதுக்கு. அவங்ககிட்ட தேதியோட சொல்லுங்க, "வியாழக்கிழமை 11 மணிக்கு ஸ்கேன், அந்த நேரம் ஜெபிங்க, சாயங்காலம் நீங்களே கூப்பிடுங்க"ன்னு. பொதுவா ஜெபிச்சுக்கோங்கன்னு சொன்னா பொதுவா மறந்துடுவாங்க.

நீங்க காத்திருக்கறவங்களுக்குப் பக்கத்துல இருக்கற ஆளா? அப்ப யோபு 2:13 வாசிங்க. யோபுவோட மூணு சிநேகிதரும் ஏழு ராத்திரி ஏழு பகல் ஒண்ணும் பேசாம தரையில கூட உக்காந்திருந்தாங்க, அந்த ஒரு வாரம்தான் அவங்க உருப்படியா செஞ்சது, வாயைத் திறந்ததுக்கு அப்புறம் எல்லாம் கெட்டுது. "உன் விசுவாசம் பத்தல", "ஏதோ மறைவான பாவம் இருக்கும் ஆராஞ்சு பாரு", இது ரெண்டையும் எந்தச் சூழ்நிலைலயும் சொல்லாதீங்க. சாப்பாடு செஞ்சு கொண்டு போங்க, ஆஸ்பத்திரிக்கு கூட போய் டோக்கன் போட்டுக் கொடுங்க.

மனசு ரொம்ப விழுந்துட்டா

எலியா சூரைச்செடி கீழ உக்காந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்"னு கேட்டாரு. வானத்துலேருந்து அக்கினிய இறக்கின அதே ஆளு. தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணல. தட்டி எழுப்பி சுட்ட அடையும் தண்ணியும் கொடுத்தான், சாப்பிட்டு திரும்பப் படுத்துட்டாரு, திரும்ப எழுப்பி திரும்ப சாப்பிட வச்சான், போக வேண்டிய தூரம் ரொம்ப இருக்குன்னான். தூக்கம் போச்சு, சாப்பாடு இறங்கல, சாகலாம்னு தோணுதுன்னா அது விசுவாசக் குறைவு லிஸ்ட்ல வர்றது கிடையாது, டாக்டர பாக்கணும். இந்தியாவுல 14416ங்கற டெலி மானஸ் நம்பர் கவர்மெண்ட் நடத்தறது, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். இன்னைக்கே கூப்பிடுங்க, வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது சொல்லுங்க.

அட்வெந்த ஒரு பயிற்சியா வச்சுக்கோங்க

வருஷத்துக்கு ஒரு தடவை காத்திருக்க கத்துக்கறதுக்குன்னே திருச்சபை கிறிஸ்மஸுக்கு முன்னாடி நாலு ஞாயிறு ஒதுக்கியிருக்கு. நாம என்ன பண்றோம், நவம்பர் கடைசிலயே ஸ்டார் கட்டி, கேரல் ரவுண்ட்ஸ் போய், ஆபீஸ்ல கேக் வெட்டி, டிசம்பர் 25 வர்றதுக்குள்ள கிறிஸ்மஸ் முடிஞ்சு டயர்டாயிடறோம். கேரல நிறுத்தச் சொல்லல, அடிக்க வருவீங்க. வீட்டுக்குள்ள மட்டும் ஒரு சின்ன ஏற்பாடு.

1839ல ஜெர்மனில ஹம்பர்க்ல ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தின விஹெர்ன்னு ஒரு போதகர், பிள்ளைங்க கிறிஸ்மஸ் எப்ப எப்பன்னு தினம் கேட்டதால ஒரு பழைய வண்டிச் சக்கரத்த எடுத்து சாதாரண நாளுக்கு சின்ன மெழுகுவர்த்தி, ஞாயிறுக்கு பெருசுன்னு வச்சு தினம் ஒண்ணா ஏத்த வச்சாராம். அதுலேருந்து வந்ததுதான் இப்ப சர்ச்ல பாக்கற நாலு மெழுகுவர்த்தி வளையம். வீட்டுல ஒரு தட்டும் நாலு மெழுகுவர்த்தியும் போதும். ஞாயிறு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி லைட்ட அணைச்சுட்டு முதல் வாரம் ஒண்ணு, அடுத்த வாரம் ரெண்டுன்னு ஏத்துங்க. முதல் வாரம் ஏசாயா 40 ஆரம்பம், ரெண்டாவது வாரம் சகரியா எலிசபெத், மூணாவது மரியாள், நாலாவது யோசேப்பு. ஒவ்வொருத்தரும் அந்த வருஷம் எதுக்கு காத்திருக்காங்கன்னு ஒரு வரி சொல்லணும், யாரும் அதுக்கு பதிலோ அட்வைஸோ சொல்லக்கூடாது, இது கண்டிப்பான ரூல். கிறிஸ்மஸ் முடிஞ்ச ஞாயிறு லூக்கா 2ல சிமியோனையும் அன்னாளையும் (மேல சொன்ன அன்னாள் இல்ல, இவங்க வேற) வாசிங்க, அந்தம்மாவுக்கு ஏறக்குறைய 84 வயசு, ஆலயத்த விட்டு நீங்காமலே இருந்தாங்க.

"இல்ல"ன்னு பதில் வந்தா

வரும். இத சொல்லாம விட்டா நான் எழுதினதுக்கு அர்த்தமே இல்ல. பவுல் மாம்சத்துல இருந்த முள்ள எடுத்துப் போடச் சொல்லி மூணு தடவை கேட்டாரு, எடுக்கல, "என் கிருபை உனக்குப்போதும்"னு பதில். கெத்செமனேல இயேசுவே கேட்டாரு, பாத்திரம் நீங்கல. எபிரெயர் 11ல விசுவாச வீரர்கள் பட்டியல் போட்டு, இவங்கெல்லாம் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டத அடையாமலே செத்தாங்கன்னு எழுதியிருக்கு. கிறிஸ்தவ நம்பிக்கை கடைசில சாஞ்சு நிக்கறது உயிர்த்தெழுதல் மேல, நம்ம வேலை கல்யாணம் ஸ்கேன் ரிப்போர்ட் மேல இல்ல. லாசரு எழுந்தான், அப்புறம் ஒருநாள் திரும்ப செத்திருப்பான்தானே.

இல்லன்னு தெரிஞ்சா உடனே "கர்த்தர் இதவிட பெருசா வச்சிருக்கார்"னு ஓடாதீங்க. துக்கம் கொண்டாடுங்க. இயேசு அடக்கம் பண்ணப்பட்ட அன்னைக்கு அந்தப் பொண்ணுங்க வீட்டுக்குப் போய் சுகந்தவர்க்கத்த தயார் பண்ணி வச்சுட்டு ஓய்வுநாள்ல சும்மா இருந்தாங்கன்னு லூக்கா எழுதறாரு. மறுநாள் கல்லறை காலியா இருக்கும்னு அவங்களுக்குத் தெரியாது, பிணத்துக்குப் பூசத்தான் தயார் பண்ணாங்க. அந்த சனிக்கிழமைல கொஞ்ச நாள் இருங்க, பரவால்ல. நோட்டுல இடது பக்கம் எழுதின வரிய அடிச்சுட்டு தேதி போடுங்க. வலது பக்கத்த அடிக்க வேண்டாம்.

கிடைச்சுட்டா

சந்தோஷமா ஸ்தோத்திர காணிக்கை போடுங்க, பிரியாணி போடுங்க. சாட்சி சொல்ல மைக் கைக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் யோசிங்க. "நான் விடாம ஜெபிச்சேன், அதான் கிடைச்சது"ன்னு சொல்லாதீங்க, உங்களவிட விடாம ஜெபிச்சும் கிடைக்காத ஒரு அக்கா கடைசி பெஞ்ச்ல உக்காந்திருப்பாங்க. அவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியும், போன வருஷம் வரைக்கும் பக்கத்துல உக்காந்திருந்தவங்கதான். சபைக்கு அறிவிக்கறதுக்கு முன்னாடி அவங்களுக்கு தனியா ஒரு மெசேஜ் போட்டு விஷயத்த சொல்லிடுங்க, ஃபோன் பண்ண வேண்டாம், மெசேஜ்தான் நல்லது, அழணும்னா யாரும் பாக்காம அழுதுட்டு அப்புறம் பதில் போடுவாங்க. பதில் லேட்டா வந்தா தப்பா எடுத்துக்காதீங்க.